வறண்ட கால்

ஸமூராவில் அந்த வருஷம் தண்ணீருக்குத்தான் பஞ்சம். ஷேக் மர்ஹூனைப் பார்க்கப் போன கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. வியாழக்கிழமை மாலையானால் மஸ்கட்டில் வேலை பார்க்கிற ஆண்கள் எல்லாம் காரை விரட்டிக்கொண்டு ஊருக்கு வருவார்கள். முன்பெல்லாம் வந்ததும் அம்மா கையால் ஒரு கிண்ணம் காவாக் காப்பி குடித்துவிட்டுப் பிள்ளைகளைக் கொஞ்சுவார்கள். இப்போது வந்த வேகத்தில் ஆளுக்கு ஒரு தட்டு மணலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஷேக் தங்கியிருந்த பழைய பேரீச்சங்கிடங்கின் வாசலில் கார்கள் நின்ற வரிசையைப் பார்த்தால், உள்ளே யாரோ இலவசமாக அரிசி கொடுக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். உள்ளே எதுவும் கொடுக்கப்படவில்லை. வாங்கப்பட்டது.

ஷேக் காலடித் தடம் படிப்பவர். எங்கள் பக்கத்தில் தடம் பார்ப்பது விளையாட்டுச் சமாச்சாரம் அல்ல. மணலில் பதிந்ததைப் பார்த்தே, போன ஒட்டகம் நொண்டியா, சினையா, சுமை ஏற்றியதா என்று சொன்ன ஆட்கள் வாழ்ந்த பூமி இது. ஆடு திருடினவன் செருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நடந்தும் மாட்டியிருக்கிறான். அதனால் ஒருத்தர் வந்து, 'எந்தக் கால் எந்த வீட்டுக்கு அழிவைக் கொண்டுவந்தது என்று தடத்தைப் பார்த்தே சொல்வேன்' என்றபோது எங்கள் ஜனம் திகைக்கவில்லை. நொண்டி தெரியும் என்றால் தரித்திரம் தெரியாதா என்றார்கள். நொண்டி காலில் இருக்கிறது, மணலில் பதிகிறது. தரித்திரம் காலில் எந்த விரலில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும் வேலை மிச்சமாகியிருக்கும்.

ஷேக்கின் சாஸ்திரப்படி உலகத்தில் கால்கள் இரண்டே வகை. ஒன்று ஈரக்கால், இன்னொன்று வறண்ட கால். ஈரக்கால் பட்ட வீட்டில் தண்ணீர் ஊறும், மாடு ஈனும், பையனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்கும். வறண்ட கால் பட்டால் இருப்பதும் போகும். பரிகாரம் உண்டு. கறுப்பு ஆடு, கலப்படமில்லாத மலைத்தேன், ஸலாலாவிலிருந்து வரும் முதல்தரச் சாம்பிராணி. இந்த மூன்றும் ஷேக்குக்கு ரொம்பப் பிடித்தவை என்பது தற்செயல்.

பெண்களின் காலை அந்நிய ஆண் பார்க்கலாகாது அல்லவா? அதற்கும் ஷேக் பெருந்தன்மையோடு ஒரு வழி வைத்திருந்தார். சலித்த மணலைத் தட்டில் பரப்பி, வீட்டுக்குள்ளேயே பெண்ணை மிதிக்கவைத்து, துணியால் மூடி ஆண்கள் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவர் இது என் மனைவி கால், இது என் தம்பி மனைவி கால் என்று சொல்வார். வீட்டில் மாடு செத்தது, கார் சுவரில் மோதியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்பிப்பார். முழுக்கக் கேட்டபிறகு ஷேக் துணியை விலக்குவார். விலக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஆமாம், தடத்தைப் படிக்கிற மனிதர் கண்ணை மூடிக்கொண்டு படித்தார். அதைத்தான் ஞானம் என்றது ஊர்.

இன்னொரு வினோதம். வறண்ட கால் எல்லாம் வெளியூரிலிருந்து வந்த மருமகள்களுக்கே வாய்த்திருந்தது. ஆடு வைத்திருந்த ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் ஈரக்கால்.

ஸுவைனா வெளியூர் மருமகள். மத்தி மீன் காய்கிற கடற்கரைக் கிராமத்தில் பிறந்து, கணக்குப் படித்து, ஸமூரா பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்து, கல்ஃபானுக்கு வாழ்க்கைப்பட்டவள். கல்ஃபானின் அப்பா ஸஹ்ரான்தான் ஊர் ஃபலஜின் காரியஸ்தர். மலையடியில் ஊறி, பூமிக்கடியில் சுரங்கம் வழியாக வந்து, ஊருக்குள் வெளிப்பட்டுத் தோட்டங்களை நனைக்கிற அந்த நீரோட்டத்தைத்தான் நாங்கள் ஃபலஜ் என்போம். அதை முறைவைத்துப் பங்கிடுவது ஸஹ்ரானின் பொறுப்பு. ஸுவைனா கல்யாணமாகி வந்த குளிர்காலத்திலிருந்து அதில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. மாமியார் ரய்யாவின் பசுமாடு செத்தது. மாமனாருக்கு முழங்கால் வலி கண்டது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆள் கிடையாது. இந்த முறை நிஜமாகவே ஒரு முழங்காலும் கைவசம் இருந்தது.

மருமகள் வந்த நேரம் என்று முதலில் தெருவில் பேசினார்கள். பிறகு மருமகள் கால் என்றார்கள். கடைசியில் கல்ஃபானே ஒரு வியாழக்கிழமை தட்டைச் சுமந்துகொண்டு கிடங்குக்குப் போனான். ஷேக் கண்ணை மூடினார். உடம்பு சிலிர்த்தது. இது சாதாரண வறட்சி இல்லை, ஆட்டுக்கும் தேனுக்கும் அடங்காது என்றார். இந்தக் கால் ஒரு வீட்டை மட்டும் அல்ல, ஊர் ஃபலஜையே குடித்துக்கொண்டிருக்கிறது. பெண்ணை அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர் திரும்பாவிட்டால் தலாக் சொல்லிவிட வேண்டியதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பொதுக்கூடத்தில் ஊரைக் கூட்டி இதை முடித்துவிடலாம் என்றும் நாள் குறித்துக் கொடுத்தார்.

கல்ஃபான் நல்லவன். அதைத் தவிர அவனிடம் வேறு குணம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து தரைவிரிப்பின் பூவேலையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான்.

"கொஞ்ச நாளைக்கு உங்கப்பா வீட்ல இரு, ஸுவைனா. தண்ணி வந்ததும் நானே வந்து கூட்டிட்டு வந்துடறேன்."

"மழை பேயாம தண்ணி எப்படிங்க வரும்? நான் பஸ் ஏறினா மேகம் இறங்கி வருமா?"

"ஷேக் சொல்றாரே."

"ஷேக் சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

கல்ஃபான் மறுபடி பூவேலையையே பார்த்தான். ஷேக் சொன்னது அவளுக்குச் சிரிப்பைத்தான் தந்திருந்தது. இந்த மௌனம் நெஞ்சில் குத்தியது. இவனை நம்பித்தானே கடலை விட்டு இந்தக் கல்மலைக்கு வந்தோம் என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. அதை அவன் பார்த்துவிடக் கூடாது என்று சமையலறைக்குப் போய் நின்றாள்.

கல்ஃபான் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போனான். மருமகள் அழுதுகொண்டே பெட்டி கட்டுவாள் என்று ரய்யா எதிர்பார்த்தாள். மருமகளோ சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமனார் முன்னால் காவாக் கூஜாவையும், ஒரு கூடைப் பேரீச்சம்பழத்தையும், நாலு காலித் தட்டுகளையும் கொண்டுவந்து வைத்தாள். ஸஹ்ரான் கூடையைப் பார்த்து முகம் மலர்ந்தார். நாலு தட்டு எதற்கு என்று மட்டும் அவருக்குப் புரியவில்லை.

"மாமா, ரெண்டு விஷயம் ஒண்ணா வந்தா, ஒண்ணாலதான் இன்னொண்ணு வந்துச்சுன்னு சொல்லிடறோம். ஒண்ணா வந்ததை மட்டும் எண்ணினா எல்லாமே அப்படித்தான் தெரியும். ஒண்ணு வந்து இன்னொண்ணு வராததையும் எண்ணணும். அதுக்குத்தான் மிச்சத் தட்டு."

முதல் தட்டு, நம் தெருவுக்குப் புது மருமகள் வந்து தண்ணீர் குறைந்த வருஷங்களுக்கு. இரண்டாவது, மருமகள் வந்தும் குறையாத வருஷங்களுக்கு. மூன்றாவது, மருமகள் யாரும் வராமலே குறைந்தவை. நாலாவது, வரவும் இல்லை, குறையவும் இல்லை. வருஷத்துக்கு ஒரு பழம். ஷேக்கும் ஊரும் முதல் தட்டை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். மற்ற மூன்று தட்டையும் யாரும் திறக்கவே இல்லை என்றாள்.

ஸஹ்ரானுக்குப் பெற்ற பிள்ளைகளின் வயது தெரியாது. எந்த வருஷம் ஃபலஜில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்பது மட்டும் அத்துப்படி. அவர் சொல்லச் சொல்ல அவள் பழத்தை எடுத்து வைத்தாள். அவருடைய கல்யாண வருஷத்தைக் கேட்டபோது, அந்த வருஷம் தண்ணீர் கரை புரண்டது என்றார்.

"அது என் கால்," என்றாள் ரய்யா கதவருகிலிருந்து.

ஸுவைனா மறுக்கவில்லை. இரண்டாவது தட்டில் ஒரு பழம் வைத்தாள்.

"சரி மாமி, அதுக்கு அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் அடிமண்ணு தெரிஞ்சுது," என்றார் ஸஹ்ரான்.

"அந்த வருஷமும் மாமி இங்கதானே இருந்தாங்க?"

ரய்யா அடுப்பில் ஏதோ வேலை ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டாள்.

எல்லா வருஷமும் சொல்லி முடித்தபோது நாலு தட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பழம் இருந்தது. மருமகள் வந்த வருஷமும் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு நடந்திருந்தது. வராத வருஷமும் தன் இஷ்டத்துக்குத்தான் நடந்திருந்தது. ஸுவைனா பழங்களைக் கூடையில் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை மருமகளுக்குப் பதில் மழையைக் கேட்டாள். முந்தின வருஷம் மலையில் மழை பெய்ததா, இல்லையா? இப்போது பழம் எல்லாம் இரண்டே தட்டில் போய்க் குவிந்தது. மழை பெய்து தண்ணீர் குறையாத தட்டு ஒன்று. மழை பொய்த்துத் தண்ணீர் குறைந்த தட்டு இன்னொன்று. மற்ற இரண்டு தட்டிலும் ஈ உட்காரக்கூட ஒன்றும் இல்லை.

"இது எனக்கு முன்னாடியே தெரியும்," என்றார் ஸஹ்ரான், ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு.

"தெரிஞ்சும் ஏன் மாமா ஊர்ல சொல்லல?"

"சொன்னா யாரு கேப்பா? தண்ணி இல்லாதவனுக்கு யார்மேலயாவது கோவப்பட்டாகணும். மேகத்துமேல கோவப்பட முடியுமா, சொல்லு. அண்ணாந்து பாத்துக் கத்தினா கழுத்துதான் வலிக்கும்."

ஸுவைனா விடவில்லை. அவள் வந்த அதே குளிர்காலத்தில்தான் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை போட்டார்கள். அப்போதுதான் மேட்டுத் தோட்டக்காரர் புது மோட்டார்க் கிணறு வெட்டினார். அப்போதுதான் ஷேக் மர்ஹூனும் ஊருக்குள் வந்தார். இத்தனை பேர் ஒன்றாக வந்திருக்கும்போது தன் கால் மட்டும் எப்படி மாட்டிக்கொண்டது என்று கேட்டாள். வேகத்தடையை அப்பா வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பதைத் தவிர ஸஹ்ரானுக்கு வேறு பதில் தோன்றவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். விழுந்த பழத்துக்கு அந்த வழியாக நடந்துபோன பெண்ணைப் பிடித்து விசாரிக்கிற ஊர் இது.

ஆனாலும் கணக்கு டீச்சருக்கு ஒன்று தெரிந்திருந்தது. இந்த நாலு தட்டுக் கணக்கைப் பொதுக்கூடத்தில் விரித்தால், கூட்டம் பழத்தைத் தின்றுவிட்டு ஷேக்கிடமே போய்ச் சேரும். அதற்கு அத்தாட்சி எதிரிலேயே இருந்தது. ஸஹ்ரான் பேசிக்கொண்டே மழை பெய்த தட்டு முழுவதையும் காலி செய்திருந்தார்.

அப்போதுதான் ரய்யா முக்காட்டு நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை. ஊரில் நாலு பேரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிற பெண்மணி அவள்.

"மகளே, அன்னிக்கு கல்ஃபான் கொண்டுபோன தட்டுல இருந்தது உன் கால் இல்ல."

தட்டை எடுத்து வரும்போது வாசற்படி தடுக்கிவிட்டது, மணல் கொட்டிவிட்டது, காலையில் மிதித்துவிட்டுப் போன ஸுவைனாவோ இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பவில்லை, கல்ஃபான் வெளியே காரில் உட்கார்ந்து ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். என்ன செய்வது? மணலை வாரிப் போட்டு, சலித்துப் பரப்பி, அவசரத்துக்கு ஒரு காலை வைத்துக் கொடுத்துவிட்டாள்.

"யார் கால, மாமி?"

ரய்யா குனிந்து தன் காலைப் பார்த்தாள். மற்ற இரண்டு பேரும் பார்த்தார்கள்.

ஸஹ்ரானுக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு தாடி குலுங்கியது, கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்போ இத்தன வருஷமா நான் வறண்ட காலோடயா குடும்பம் நடத்தினேன்?"

"சிரிங்க, நல்லா சிரிங்க. வெள்ளிக்கிழம ஊரக் கூட்டி என்ன எங்கப்பா வீட்டுக்கு அனுப்பிடுங்க. அவர் மண்ணுக்குள்ள போயி எத்தனையோ வருஷமாச்சு. எங்க கொண்டுபோய் விடுவீங்க?"

இதுவரை ஷேக்கின் வாக்கில் ரய்யாவுக்கு மலைபோல நம்பிக்கை. இது மாதிரி நம்பிக்கை அடுத்தவள் காலில் நிற்கும்வரைதான் இனிக்கும். தன் காலுக்கு வந்ததும் அவளுக்கு ஒரே நாளில் பகுத்தறிவு பிறந்துவிட்டது. அந்த ஆள் ஒரு ஏமாற்றுக்காரன், முதல் நாளே அவன் முழியைப் பார்த்துச் சொன்னேனே என்றாள். சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

கூட்டத்தில் இதைச் சொல்லிவிடலாமா என்று ஸஹ்ரான் கேட்டார். வேண்டாம் என்றாள் ஸுவைனா. சொன்னால், மருமகளைக் காப்பாற்ற மாமியார் பொய் சொல்கிறாள் என்பார்கள். இல்லாவிட்டால் இரண்டு பேருக்குமே வறண்ட கால் என்று ஷேக் இன்னொரு ஆட்டைக் கேட்பார். ஆள் யார் என்று தெரிந்துகொண்டுதான் அவர் காலைப் படிக்கிறார். ஆளை எடுத்துவிட்டுக் காலை மட்டும் கொடுத்தால் என்ன படிக்கிறார் என்று பார்க்கலாம். அதற்கு இன்னொரு தட்டு வேண்டும். அதில் யாருடைய கால் இருக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது ஸஹ்ரான் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து செருப்பைத் தேடினார்.

வெள்ளிக்கிழமை. தொழுகைக்கு முன் ஆண்கள் கைகால் கழுவ ஃபலஜில் இறங்குகிற படித்துறைக்கு ஸஹ்ரான் சீக்கிரமே மண்வெட்டியோடு போய்விட்டார். காரியஸ்தர் ஃபலஜ் ஓரத்தில் தோண்டினால் யார் கேட்கப்போகிறார்கள்? ஏறுகிற இடத்தில் ஒரு பள்ளம் பறித்து, அதில் தட்டைச் சமமாகப் பதித்து, சலித்த ஈரமணலைப் பரப்பினார். பக்கத்தில் நின்று பார்த்தவர் பள்ளிவாசல் இமாம் துவைனி. ஜோசியம் பார்ப்பது பாவம் என்று அவர் மிம்பர் மேடையில் நின்று சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். கேட்டவர்களில் சிலர், இமாமின் கால் எப்படி என்று ஒரு தடவை ஷேக்கிடம் காட்டிவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். ஆகையால் சாட்சிக்கு நிற்க இமாமுக்குத் தடை ஏதும் இல்லை.

ஒவ்வொருவரும் ஏறும்போது, இந்தப் பக்கம் வழுக்கும், அந்தப் பக்கமாகப் போங்கள் என்று ஸஹ்ரான் கை காட்டிக்கொண்டே இருந்தார். ஷேக் மர்ஹூன் எப்போதும் கடைசியில்தான் வருவார், எல்லோரும் பார்ப்பதற்காக. வந்தார். கழுவினார். ஸஹ்ரான் மரியாதையோடு கையை நீட்டினார்.

"ஷேக், இப்படிக் கால வைங்க. இங்க வழுக்காது."

ஷேக் வலது காலை நன்றாக அழுத்தி வைத்து ஏறிப் போனார். இமாம் துவைனி குனிந்து பார்த்தார். ஸஹ்ரான் துணியைப் போட்டு மூடினார்.

தொழுகை முடிந்து பொதுக்கூடம் நிரம்பிவிட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கை முடியப்போகிறது என்றால் வேடிக்கை பார்க்க வராமல் இருக்க முடியுமா? காவா ஊற்றினார்கள். அல்வா சுற்றி வந்தது. நடுவில் ஷேக் மர்ஹூன் திண்டில் சாய்ந்து, கால்களை அங்கிக்குள் மடக்கி உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் கல்ஃபான் மறுபடியும் தரைவிரிப்பைப் படித்துக்கொண்டிருந்தான். மரச் சல்லடைச் சன்னலுக்குப் பின்னால் பெண்கள். அவர்களில் ஸுவைனா. கணக்கு தப்பாது என்று அவளுக்குத் தெரியும். கூட்டம் தப்பும் என்பதும் தெரியும். ஒருவேளை ஷேக் இன்றைக்கென்று கண்ணைத் திறந்து பார்த்துவிட்டால், சாயந்திர பஸ்ஸில் அவள் கடற்கரைக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். பக்கத்தில் ரய்யா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஸஹ்ரான் தட்டைக் கொண்டுவந்து ஷேக்கின் முன்னால் வைத்தார்.

"ஷேக், இது ஒரு பொண்ணோட வாழ்க்க. முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்தக் காலையும் ஒரு தடவ படிச்சிடுங்க. இந்தக் கால் இந்த ஊருக்கு நல்லதா, கெட்டதா?"

"உங்க மருமக கால்தானே?"

"ஷேக்குக்குத் தெரியாததா?"

ஷேக்குக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. துணியை விலக்கினார். வழக்கம்போலக் கண்ணை மூடினார். ஸுவைனாவுக்கு மூச்சு வந்தது.

போன வாரம் பார்த்த அதே கால்தான் என்று ஷேக் தொடங்கினார். வறட்சி இன்னும் ஏறியிருக்கிறது. தான் தேசமெல்லாம் சுற்றியிருந்தும் இப்படி ஒரு கெட்ட காலைக் கண்டதில்லை. இது உழைக்காத கால். அடுத்தவர் வீட்டுச் சொத்தைத் தின்பதற்கென்றே வந்த கால். இது நுழைந்த நாளிலிருந்து இந்த ஊரில் ஆடு குறைந்திருக்கிறது, தேன் குறைந்திருக்கிறது. கூட்டத்தில் பலர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். தங்கள் தங்கள் ஆட்டை நினைத்துக்கொண்டார்கள்.

"இந்தக் காலுக்கு உரிய ஆள் பொழுது சாயறதுக்குள்ள ஊரவிட்டுப் போகணும். இந்த ஊர்ல வாங்கின எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது. நகை, துணி, எல்லாத்தையும் இங்கயே வெச்சிடணும். நான் சுத்தம் பண்ணித் தரேன்."

"ஊர் முன்னாடி உறுதியாத்தான் சொல்றீங்களா, ஷேக்?"

"உறுதி. தடம் பொய் சொல்லாது."

"அப்போ கிளம்புங்க," என்றார் ஸஹ்ரான். "ஆட்டையெல்லாம் அவுத்து விட்டுட்டுப் போங்க. இது உங்க கால்."

ஷேக் கண்ணைத் திறந்தார். வந்த நாளிலிருந்து அவர் ஒரு தடத்தை நிஜமாகப் பார்த்தது அன்றுதான். இமாம் துவைனி எழுந்து, ஃபலஜ் படியில் ஷேக் மிதித்ததைத் தன் கண்ணால் கண்டேன், தட்டை எடுத்ததிலிருந்து கூடவே வருகிறேன் என்று நிதானமாகச் சொன்னார். ஷேக் இது சூழ்ச்சி என்றார். ஜின்களின் வேலை என்றார். ஸஹ்ரான் தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே தள்ளினார்.

"வேற யாரு காலாவோ இருந்தா, இதுல உங்க கால வெச்சுக் காட்டுங்க. பொருந்தலன்னா ஊர் முன்னாடி நான் மன்னிப்புக் கேக்கறேன்."

ஷேக் காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். எல்லோரும் அந்த அங்கியின் விளிம்பையே பார்த்தார்கள். பின்வரிசையில் ஒட்டகம் வைத்திருக்கிற கிழவர் ஒருவர், தட்டைத் திறந்ததுமே ஆம்பளைக் கால் என்று தனக்குத் தெரிந்துவிட்டது என்று முணுமுணுத்தார். அப்புறம் ஏன் பேசவில்லை என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். ஷேக் ஏதோ ஆழமாகப் பார்க்கிறார் போலிருக்கிறது, நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டாராம். இப்படி வம்பு வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்கிற கண்ணுள்ளவர்கள் இருக்கும்வரை, கண்ணை மூடிக்கொள்கிற வாயுள்ளவர்களுக்கு ஆட்டுக்கறிதான்.

அப்போது சல்லடைச் சன்னலுக்குப் பின்னாலிருந்து ரய்யாவின் குரல் கணீரென்று வந்தது.

"போன வாரம் இந்த ஆள் படிச்சது என் கால். இன்னிக்குப் படிச்சது தன்னோட சொந்தக் கால். ரெண்டும் ஒரே காலாம். இந்த ஊர்ல இத்தன வருஷமா நடந்து தேஞ்ச காலு என்னோடது. அந்த ஆள் காலும் என் காலும் ஒண்ணுன்னு எவனாவது சொன்னா, அவன் வீட்டுக்கே வந்து கேப்பேன்."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு அடக்க முடியவில்லை. வறண்ட கால் என்று மனைவியை அப்பா வீட்டுக்கு அனுப்பியிருந்த இரண்டு மூன்று பேர் மட்டும் சிரிக்காமல் எழுந்து மெதுவாக ஷேக்கைச் சூழ்ந்தார்கள். அவர்களில் ஒருவர், என் மனைவி தட்டில் என்ன கண்டாய், இப்போது கண்ணைத் திறந்து சொல் என்றார். சூரியன் சாய்வதற்கு நிறைய நேரம் இருக்கும்போதே ஷேக் ஊரைவிட்டுப் போனார். தன் வாக்கைத் தானே அவ்வளவு சுத்தமாக நிறைவேற்றிய ஜோசியர் வேறு யாரும் இருக்க முடியாது. ஆடுகள் திரும்பக் கிடைத்தன. தேனில் பாதி கிடைத்தது. சாம்பிராணி புகைந்து போயிருந்தது.

கல்ஃபான் மன்னிப்புக் கேட்க வந்தான். ஸுவைனா கேட்டுக்கொண்டாள். மன்னிக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் கேட்டேனே, நீங்க என்ன சொல்றீங்க என்று, அதற்குப் பதில் வந்தால் போதும் என்றாள். அவன் மறுபடியும் தரைவிரிப்பைப் பார்த்தான். அதனால் மண்வெட்டியைக் கையில் கொடுத்தாள்.

ஃபலஜ் சுரங்கத்தைத் தூர் வார வேண்டும் என்று ஸஹ்ரான் வருஷக்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆள் வராது. ஆட்டோடும் தட்டோடும் வரிசையில் நிற்க நேரம் இருந்தவர்களுக்கு மண் வார நேரம் இருந்ததில்லை. இப்போது வெட்கத்தில் வந்தார்கள். வியாழக்கிழமை வந்து இறங்கியதும் அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு சுரங்கத்துக்குள் போனார்கள். ஓரிடத்தில் மேல்கல் சரிந்து, வேர் பின்னி, மண் அடைத்து, பாதிப் பாதையை மறித்திருந்தது. அதை எடுக்க வாரக்கணக்கில் ஆயிற்று. எடுத்த அன்றைக்குத் தண்ணீர் ஏறியது. மழைக்காலத்துத் தண்ணீர் இல்லைதான், ஆனாலும் கடைசித் தோட்டம் வரை போய்ச் சேர்ந்தது. ஸஹ்ரான் கரையில் உட்கார்ந்து அழுதேவிட்டார். பிறகு முழங்காலை மறந்து அவர் தண்ணீரில் இறங்கி நின்றதை ஸுவைனா கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்ஃபான் சுரங்கத்திலிருந்து வெளியே வந்தான். தலைமுடியிலிருந்து பாதம் வரை சேறு. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷம். ஊரே சேர்ந்து என்ன பேசிக்கொண்டிருந்ததோ, அதையே அவனும் மூச்சு வாங்க வந்து மனைவியிடம் சொன்னான்.

"பாத்தியா ஸுவைனா, அந்த ஆள் காலு போனதும் தண்ணி வந்துடுச்சு. நெசமாவே அவனுக்குத்தான் வறண்ட கால்."

ஸுவைனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கையக் காட்டுங்க."

காட்டினான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"தண்ணி வந்தது இதனால. சுரங்கத்த வாரியாச்சு, சந்தோஷம். கழுத்துக்கு மேல ஒண்ணு அடைச்சுக் கெடக்கே, அத எப்போ தூர் வாரப் போறீங்க?"